பதின்மூன்றுக்கு அஞ்சிய பலகை

ஓர் அரசு எதற்கு அஞ்சும்? படையெடுத்து வரும் பகைவனுக்கு அஞ்சும், பஞ்சத்திற்கு அஞ்சும், பக்கத்தில் வந்துவிட்ட தேர்தலுக்கு அஞ்சும். எண் ஒன்றுக்கு அஞ்சிய அரசு உண்டா என்று கேட்டால், உண்டு என்று கூற வேண்டியிருக்கிறது. பாட்டி சொன்ன பேய்க்கதையில் அல்ல. பழைய புராணத்திலும் அல்ல. 2012-ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் மேற்குக் கோடியில், படித்தவர் நிறைந்த நாடு என்றும், அறிஞரையும் நாடக ஆசிரியரையும் உலகுக்கு அளித்த நாடு என்றும் புகழப்படும் அயர்லாந்தில் நடந்தது இது! அடுத்த ஆண்டு 2013 ஆயிற்றே, பதின்மூன்று என்ற எண் நம் நாட்டு மோட்டார் வண்டிகளின் நெற்றியில் ஏறிவிடுமே என்ற கவலை பிறந்தது. கவலை வளர்ந்தது. கடைசியில், வண்டிகளின் எண் பலகை — நம் நாட்டார் நம்பர் பிளேட் என்கிறார்களே, அது — நாடு முழுவதற்கும் வேறு அமைப்புப் பெற்றது.

நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் நகைப்போடு நிறுத்திக்கொள்வதற்கில்லை. ஓர் அரசு தன் எண் பலகையைத் திருத்தி அமைக்கலாமா, அமைக்கலாமென்றால் எந்தக் காரணத்திற்காக என்ற கேள்வி இதில் பொதிந்து கிடக்கிறது. அதே பலகையில், அதே தகட்டில், நாம் பார்த்துப் பொறாமைப்படத்தக்க வேறொன்றும் இருக்கிறது. அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலில் அந்தப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில், 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி வகுக்கப்பட்ட எழுத்து முறையே அயர்லாந்தில் நெடுங்காலம் நீடித்தது. விடுதலை பெற்ற பின்னும் நீடித்தது. 1987-இல்தான் குடியரசு தனக்கென ஒரு முறையைக் கண்டது. மூன்று துண்டுகள். முதல் துண்டு, வண்டி பதிவான ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். அடுத்தது மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து — டப்ளினுக்கு டி, கார்க்குக்கு சி, கெர்ரிக்கு கே-ஒய். மூன்றாவது, அந்த மாவட்டத்தில் அந்த ஆண்டில் எத்தனையாவது வண்டி என்ற வரிசை எண். 87-டி-1 என்று கண்டால், 1987-இல் டப்ளினில் பதிவான முதல் வண்டி என்று சாலையோரச் சிறுவனும் சொல்லிவிடுவான். எளிய முறை, தெளிவான முறை, புதிர் போடாத முறை. நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் ஆண்டினைப் பலகையில் எழுதியதால் ஒரு விளைவு உண்டாயிற்று. வண்டியின் வயது ஊருக்கே தெரிந்துவிட்டது! புத்தாண்டு பிறந்ததும் புது எண்ணோடு வண்டி வாசலில் நின்றால் அண்டை வீட்டார் கண் அதன்மேல் விழும். அவர் கண் விழ வேண்டும் என்பதற்காகவே இவர் ஜனவரியில் வாங்குவார். டிசம்பரில் வாங்கினாலோ, ஒரே மாதத்தில் அது சென்ற ஆண்டு வண்டி. ஆகவே ஆண்டின் முதல் சில மாதங்களில் கடையில் கூட்டம். பிறகு மாதக்கணக்கில் ஈ ஓட்டும் நிலை. மோட்டார் வணிகருக்கு இது நெடுநாள் நோவு.

அந்த நோவின்மேல் இடியும் விழுந்தது. 2007-இல் ஏறத்தாழ 1,86,000 புதுக் கார்கள் விற்ற நாட்டில், 2009-இல் விற்றவை ஏறத்தாழ 57,000! வங்கிகள் சரிந்தன, வீட்டுமனைச் சூதாட்டம் வெடித்தது, 2010-இன் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் அனைத்துலக நாணய நிதியத்திடமும் கையேந்தும் நிலைக்கு அரசு வந்தது. கார்க் கடைகள் மூடப்பட்டன. கடையில் வேலை பார்த்தவன் வேலையிழந்தான். அரசுக்கோ, ஒவ்வொரு புது வண்டியும் பதிவு வரி தரும் பசு. இந்தச் சூழலில்தான் 13 எட்டிப் பார்த்தது. இருக்கிற சில வாடிக்கைக்காரரும், 'இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு 14 வரட்டும்' என்று நழுவிவிடுவார்களோ என்று வணிகர் நடுங்கினர். அவர்கள் நடுக்கத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அடுப்பில் பூனை உறங்கும் நாளில் எவருக்கும் சிறு நிழலும் பேயாகத் தோன்றும்.

மோட்டார்த் தொழில் சங்கம் அரசிடம் சென்றது. கெர்ரி தெற்குத் தொகுதியின் சுயேச்சை உறுப்பினர் மைக்கேல் ஹீலி-ரே, மக்களின் அச்சத்தை மதித்து ஏதேனும் செய்யுங்கள் என்று குரல் கொடுத்தார். நிதியமைச்சர் மைக்கேல் நூனன் இசைந்தார். 2013 ஜனவரி முதல் ஜூன் வரை பதிவாகும் வண்டிக்கு 131. ஜூலை முதல் டிசம்பர் வரை பதிவாகும் வண்டிக்கு 132. அந்த ஆண்டோடு நின்றதா? இல்லை! 141, 142 என்று தொடர்ந்தது. 2025-இல் பதிவான வண்டிகள் 251, 252 என்று ஓடுகின்றன. ஓராண்டு அச்சம், நாட்டின் பலகையில் நிலையான இலக்கமாகிவிட்டது.

வேடிக்கை ஒன்றைப் பாருங்கள். பதின்மூன்றை விரட்ட என்ன செய்தார்கள்? அதனைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. அதன் பக்கத்தில் ஓர் ஒன்றையும் ஓர் இரண்டையும் காவல் நிறுத்தினார்கள்! 131-இல் 13 இல்லையா? கண்ணிருப்பவன் காணமாட்டானா? பேய்க்குப் பயந்து கதவைத் தாழிட்டவன், பேயையும் உள்ளே வைத்துத் தாழிட்டதற்கு ஒப்பாகும் இது. அதுவுமின்றி, வரிசை எண்ணில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 12-க்குப் பின் 13 வரத்தானே செய்கிறது? பலகையின் வலக்கோடியில் நிற்கும் 13 சாது; இடக்கோடியில் நின்றால் மட்டும் அது சண்டாளமா? மூடநம்பிக்கைக்குத் தன் கணக்கைக் கூடச் சரியாகப் பார்க்கத் தெரிவதில்லை.

அரசின் பக்கத்தில் நின்று பேசுவோர் ஒரு வாதம் வைப்பர். "அச்சத்திற்காக மட்டுமா மாற்றினோம்? ஆண்டை இரண்டாகப் பகுத்தால், விற்பனையும் இரண்டு பருவமாகும், ஜூலையிலும் கடையில் ஆள் வரும், தொழிலாளிக்கு ஆண்டு முழுதும் வேலை கிடைக்கும்" என்பர். நல்ல வாதம்! மறுக்கமாட்டோம். ஜூலையில் இரண்டாவது விற்பனைப் பருவம் ஒன்று பிறந்ததும் உண்மையே. ஆனால் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இவ்வளவு நல்ல காரணம் கையில் இருந்ததே, 2003-இல் ஏன் மாற்றவில்லை? 2009-இல், 57,000 வண்டி விற்று ஊரே அழுதபோது ஏன் மாற்றவில்லை? காரணம் பல ஆண்டு வாசலில் காத்துக் கிடந்தது. பதின்மூன்று வந்து கையைப் பிடித்து அழைத்துச் சென்ற பிறகுதான் அதற்கு உள்ளே இடம் கிடைத்தது.

பக்கத்து நாட்டைப் பார்த்திருக்கலாம். பிரிட்டனில் 1963 முதல் எண் பலகையில் ஆண்டுக்கு ஓர் எழுத்துச் சேர்த்தனர். ஜனவரி நெரிசல் அங்கும் உண்டாயிற்று. 1967-இல் எழுத்து மாறும் மாதத்தை ஆகஸ்டுக்குத் தள்ளினர். நெரிசலும் ஆகஸ்டுக்குத் தள்ளிப் போயிற்று! ஆகவே 1999 முதல் மார்ச்சிலும் செப்டம்பரிலும் என ஆண்டுக்கு இருமுறை மாற்றினர். 2001 செப்டம்பர் முதல் எழுத்துக்குப் பதில் இரண்டு இலக்கம் — மார்ச்சில் ஆண்டின் எண், செப்டம்பரில் அதோடு ஐம்பது கூட்டியது. எவருடைய பேயும் அவர்களை விரட்டவில்லை. கடைத்தெருவின் கணக்குதான் விரட்டிற்று. பிறகு 2013 மார்ச் வந்தது. என்ன செய்தது பிரிட்டன்? 13 என்று அடித்து மாட்டிற்று! இலட்சக்கணக்கான வண்டிகள் நெற்றியில் 13 தாங்கி இலண்டன் வீதியிலும் மான்செஸ்டர் வீதியிலும் ஓடின; இன்றும் ஓடுகின்றன.

அதே தீவின் வடபகுதியான வட அயர்லாந்தில், பழைய 1903-ஆம் ஆண்டு முறையின் வழிவந்த பலகையே இன்றும். அதில் ஆண்டே கிடையாது. ஆகவே 13 என்ற தொல்லையும் கிடையாது. பிரிட்டனில் பழைய வண்டியின் வயதை மறைக்க விரும்புவோர் அந்த வட அயர்லாந்து எண்ணை விலைகொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறொரு கூத்து.

இனி விளைவைக் காண்போம். 13-ஐ மாட்டிய பிரிட்டனில் அந்த ஆண்டு புதுக் கார் விற்பனை முந்திய ஆண்டைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்து, 22 இலட்சத்தைத் தாண்டியது. 13-ஐ ஒதுக்கிய அயர்லாந்திலோ, 2012-இல் ஏறத்தாழ 79,000 ஆக இருந்த விற்பனை, 2013-இல் ஏறத்தாழ 74,000 ஆகக் குறைந்தது! தோழர்கள் கை தட்டத் தொடங்கியிருப்பார்கள். சற்றுப் பொறுங்கள். "பார், பதின்மூன்று நல்ல எண், அதனை ஒதுக்கியவனுக்கு நட்டம்" என்று நாம் கூறப் புறப்பட்டால், நாமும் சோதிடனின் பாயில் சென்று அமர்ந்தவர்களாவோம். இரு நாட்டின் பொருளாதார நிலையும் வேறு. கடன் நிலையும் வேறு. விற்பனை ஏறியதும் இறங்கியதும் அவற்றால்தான். எண்ணுக்கு ஏற்றவும் தெரியாது, இறக்கவும் தெரியாது. நாம் கூறுவது இவ்வளவே: வணிகர் எதிர்பார்த்த காவலை அந்தக் கூடுதல் இலக்கம் அவர்களுக்கு அளிக்கவில்லை. 2014-இல் பொருளாதாரம் தலைதூக்கிய பிறகே விற்பனையும் தலைதூக்கியது.

இதில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நம்மைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிரே அதுதான். அமைச்சரைக் கேட்டால், "எனக்கா நம்பிக்கை? வணிகர் வேண்டினர்" என்பார். வணிகரைக் கேட்டால், "எனக்கென்ன நம்பிக்கை? வாங்குபவர் தயங்குகிறாரே" என்பார். வாங்குபவரைக் கேட்டால், "எனக்கு நம்பிக்கையில்லை ஐயா, நாளைக்கு இதை விற்கப் போனால் வாங்குகிறவன் நம்பினால் விலை குறையுமே" என்பார். நாளைக்கு வரப் போகும் அவனைக் கேட்க முடியாது. அவன் இன்னும் வரவில்லை! இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவர் தோளில் மூட்டையை ஏற்றிவிட, எவருக்கும் சொந்தமில்லாத ஒரு மூடநம்பிக்கை நாட்டையே ஆட்டிப் படைக்கிறது. மூடநம்பிக்கை உயிர்வாழ நம்புகிறவன் தேவையில்லை; நம்புகிறவன் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று நம்புகிற பத்துப் பேர் போதும். இந்தச் சங்கிலியை எவரேனும் ஒருவர் அறுக்க வேண்டும். வணிகனால் முடியாது, அவன் வயிறு அதில் கட்டப்பட்டிருக்கிறது. தனி மனிதனுக்கு நட்டம் வரும். நட்டமின்றி அறுக்கக் கூடியது அரசு ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே பலகை, எல்லாருக்கும் 13 என்று ஆகிவிட்டால், எவன் வண்டி எவன் வண்டியைவிட விலை குறையும்? அந்த அரசே, "அடுத்தவர் நம்புகிறாரே" என்று கூறி வரிசையில் போய் நின்றுகொண்டது. அதைத்தான் நாம் குற்றமென்கிறோம்.

"ஓர் இலக்கம் கூடியதால் என்ன கெட்டுவிட்டது? எவருக்கு என்ன தீங்கு?" என்று கேட்கும் நல்லவர்களும் உண்டு. தீங்கு தகட்டில் இல்லை. பள்ளியில் ஆசிரியர், எண்களில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று கற்பிக்கிறார். பிள்ளை வெளியே வருகிறது. அரசின் ஆணைப்படி அடிக்கப்பட்ட தகடு, இல்லை, உண்டு என்கிறது. ஆசிரியருக்குச் சம்பளம் தருவதும் அதே அரசு! பாட்டி சொன்னால் பாட்டியோடு போகும். அரசு சொன்னால் அதற்கு முத்திரை கிடைத்துவிடுகிறது.

அயர்லாந்து மக்களை மூடர் என்று நாம் கூறவில்லை. கூறினால் நன்றி கெட்டவராவோம். மடாலயமும் மதகுருவும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் படுக்கையறையிலும் கோலோச்சிய நாடு அது. அந்த மக்கள் 1995-இல் மணவிலக்கு உரிமைக்கு வாக்களித்தனர். 2015-இல், ஒரு பாலார் திருமணத்தை மக்கள் வாக்கெடுப்பால் ஏற்ற முதல் நாடு என்ற பெயர் பெற்றனர் — நூற்றுக்கு 62 பேர் ஆதரவு. 2018-இல் கருக்கலைப்புத் தடையை நூற்றுக்கு 66 பேர் வாக்களித்துத் தகர்த்தனர். கோயிலின் கோலை முறித்த கை அது. அத்தகைய மக்களை, பதின்மூன்றைத் தாங்கமாட்டாத பச்சிளங் குழந்தைகளென அவர்களுடைய அரசு மதித்ததே என்றுதான் வருந்துகிறோம். மக்கள் முன்னே நடந்தனர். அரசு பின்னே தயங்கி நின்றது.

ஆனால் ஒன்று. கெர்ரி மாவட்டத்தில் 2017-இல் ஒரு நெடுஞ்சாலை ஓரிடத்தில் தாழ்ந்து தாழ்ந்து போயிற்று. சீர் செய்தும் மறுபடி தாழ்ந்தது. மண்ணின் தன்மையை ஆராய்வோம் என்றனர் பொறியியலார். அருகில் இருக்கும் தேவதைக் கோட்டைகளே காரணம் என்றார் அந்த மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே. மேலே கூறிய மைக்கேல் ஹீலி-ரேயின் உடன்பிறந்தவர்தான் அவர்! குடும்பச் சொத்து எத்தனையோ வகை.

இன்னும் ஒரு கேள்வி எழுகிறது. பதின்மூன்று உண்மையிலேயே தீய எண் என்றால், எல்லா நாட்டிலும் தீயதாக இருக்க வேண்டுமே? இத்தாலிக்காரன் 13-ஐக் கண்டு மகிழ்வான். அவன் அஞ்சுவது 17-க்கு. பிரெஞ்சு நாட்டு ரெனோ நிறுவனம் தன் 'ரெனோ 17' காரை இத்தாலியில் விற்க '177' என்று பெயர் மாற்றிய கதை மோட்டார் உலகறிந்தது. 13-க்குப் பக்கத்தில் 1 வைத்த தந்திரம், அங்கே 17-க்குப் பக்கத்தில் 7 வைத்த தந்திரத்தின் தங்கை! சீனரும் சப்பானியரும் 4-க்கு அஞ்சுவர். அவர்கள் மொழியில் நான்கு என்ற ஒலியும் சாவு என்ற ஒலியும் ஒத்திருக்கின்றன என்பதால். காபூலில் 2011 வாக்கில் 39 என்ற எண் வந்த வண்டியை எவரும் தொடவில்லை. பரத்தையரை வைத்துத் தொழில் நடத்திய ஒருவனோடு அந்த எண்ணை இணைத்துப் பேசினார்களாம். அந்த எண்ணைத் தராதிருக்க அலுவலகத்தில் கைக்கூலி கைமாறிற்று என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஓர் ஊரின் நல்ல எண் அடுத்த ஊரின் கெட்ட எண். எல்லா ஊர் அச்சத்திற்கும் இடங்கொடுத்துப் பலகை எழுதப் புறப்பட்டால், எழுத எண்ணே மிஞ்சாது.

நம் நாட்டிலும் 13-க்கு அரசு மரியாதை கிடைத்ததுண்டு. சண்டிகர் நகரை வகுத்தபோது, செக்டார் 12-க்குப் பிறகு நேரே 14! புத்தம் புதிய நகரம், பழமையின் சுமையற்ற நகரம் என்று புகழப்பட்ட ஊரில் 13-க்கு மனை ஒதுக்கவில்லை. 2020-இல்தான் மணிமாஜ்ரா பகுதிக்கு அந்த எண்ணைக் கொடுக்க நிர்வாகம் முடிவு செய்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டு தீண்டப்படாமல் நின்ற எண் அது.

பின்னர் கூறுவோம் என்றோமே, அதற்கு வருவோம். அதே ஐரிஷ் பலகையின் மேற்புறத்தைப் பாருங்கள். இடப்புறம் நீலப் பட்டையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விண்மீன்கள். எண்ணுக்கு மேலே, சிறிய எழுத்தில், மாவட்டத்தின் பெயர் — ஆங்கிலத்திலன்று, ஐரிஷ் மொழியில்! டப்ளின் வண்டியில் டப்ளின் என்ற பெயர் இராது. 'பாலே ஆஹா கிலீயா' என்று இருக்கும். தட்டி பரப்பிய ஆற்றுத் துறையூர் என்பது பொருள். டப்ளின் என்று ஆங்கிலேயர் வாயில் உருமாறிய சொல்லும் ஐரிஷ் சொல்தான். கருங்குளம் என்று பொருள். நம்மூர்ப் பெயர் போலவே இல்லையா? கருங்குளமும் துறையூரும் நமக்கும் உண்டு! 1991 முதல் இந்த ஐரிஷ் பெயர் பலகையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

இது வெறும் அலங்காரம் என்பார் உண்டு. ஒரு வகையில் உண்மை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர் 18 இலட்சத்துக்கு மேல். ஆனால் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர்தாம். அடையாள எழுத்தும் ஆங்கிலப் பெயரிலிருந்தே எடுக்கப்பட்டது: பாலே ஆஹா கிலீயாவுக்கு 'டி' என்ற எழுத்து எங்கிருந்து வந்தது? எண்ணுக்குரிய பெரிய எழுத்து ஆங்கிலத்துக்கு, மேலே ஒட்டிய சின்ன எழுத்து தாய்மொழிக்கு. இந்தக் குறையை மறைக்கமாட்டோம். ஆயினும், நசிந்து நலிந்த மொழியை நாள்தோறும் சாலையில் ஓட விடுகிறார்களே, அந்த மனம் பெரிது. காவலன் படிக்க வேண்டிய எண்ணும் எழுத்தும் எவருக்கும் விளங்கும் வடிவில். அதற்கு மேலே, ஊரின் பெயர் ஊரின் மொழியில். எவருக்கும் இடையூறில்லை, எவருடைய அச்சத்திற்கும் இடமில்லை. பலகையைத் திருத்தக் காரணம் வேண்டுமென்றால் இது காரணம்! ஒரே தகட்டில் மேலே அறிவும் மானமும், கீழே அச்சமும் அறியாமையும் குடியிருக்கக் காண்கிறோம்.

நம் பலகை எப்படி? சென்னை மாநிலம் என்ற பெயர் போய், 1969-இல் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நிலைத்தது. எத்தனை ஆண்டுப் போராட்டம்! சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டது 1956-இல். அந்தப் பெயர் வண்டியில் 'டி-என்' என்று ஆங்கில எழுத்தில் சுருங்கிக் கிடக்கிறது. எழுத்து ஆங்கிலமாகவும் இலக்கம் அராபிய இலக்கமாகவும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டளையிடுகின்றன. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்புப் பலகையில், அசோகச் சக்கர முத்திரையும் 'ஐ-என்-டி' என்ற எழுத்தும் ஏறின. திருட்டைத் தடுக்க என்றனர், தடுக்கட்டும், வரவேற்போம். அந்தத் தகட்டில் 'தமிழ்நாடு' என்று தமிழில் எழுத விரல் அகல இடம் இல்லையா? மோட்டார் வண்டி பொதுப் பட்டியலில் உள்ள பொருள். பலகையைத் திருத்த நம் மாநிலம் விரும்பினாலும் திருத்த முடியாது. டில்லியின் விதியை மீறமுடியாது. அயர்லாந்துக்கு உரிமை இருந்தது, அதைப் பதின்மூன்றுக்குச் செலவிட்டது. நமக்கு நல்ல காரணம் இருக்கிறது, உரிமை இல்லை!

ஆர்வத்தால் தமிழ் எழுத்திலும் தமிழ் இலக்கத்திலும் எண் எழுதி வண்டி ஓட்டித் தண்டம் கட்டும் இளைஞர்களை அறிவோம். அவர்கள் உணர்ச்சியை மதிக்கிறோம், முறையை ஏற்கவில்லை. விபத்து நேர்ந்தால் வண்டியை அடையாளம் காண்பதற்காக உள்ளது எண். அதை எவரும் படிக்க முடிய வேண்டும். எண் எல்லார்க்கும், பெயர் தமிழில் — அயர்லாந்து காட்டிய வழி நமக்குப் போதும். அதற்காக விதியைத் திருத்தக் கேட்போம்.

கேட்கும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். பதின்மூன்றுக்கு அஞ்சியவரைப் பார்த்து நாம் நகைக்கிறோம். எட்டுக்கு அஞ்சுகிறவர் எவர்? இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் முகம் வாடுகிறதே, அந்த முகம் எந்த நாட்டு முகம்? எண் கணிதச் சோதிடனிடம் தாள் எடுத்துப் போய், ஒன்பது வரும் எண்ணைக் கேட்டு வந்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கூடுதல் கட்டணம் கட்டி நிற்கிறவர் எவர்? பகுத்தறிவைக் கொடியில் ஏந்திய கட்சிகள் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில், விரும்பிய எண்ணை விலைக்குத் தரும் சாளரம் திறந்தே இருக்கிறது. பணமுள்ளவன் படாடோபத்துக்கு வாங்கட்டும், கருவூலத்துக்கு வருவாய் வரட்டும் என்பது ஒரு வாதம். ஆனால் அந்தச் சாளரத்தில் நிற்போரில் எத்தனை பேர் படாடோபத்துக்கு நிற்கிறார்கள், எத்தனை பேர் சனிக்கு அஞ்சி நிற்கிறார்கள் என்பதைக் கட்டணச் சீட்டு சொல்லாது. வண்டி வாங்கியதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிற காட்சியை நாம் விளக்கத் தேவையில்லை. நம் தோழர்கள் வீட்டு வாசலிலேயே நடக்கிறது — அம்மாவுக்காகவாம்!

ஆகவே அறிவியக்க இளைஞரிடம் ஒரு சிறு வேலையை ஒப்படைக்கிறோம். புது வண்டிக்கு, கூட்டினால் எட்டு வரும் எண் ஒதுக்கப்படுமானால், மாற்றிக் கேட்காதீர்கள். வாங்கி மாட்டுங்கள். வீட்டிலும் தெருவிலும் கேட்போருக்கு விளக்கம் கூறுங்கள். சில ஆண்டு கழித்து விற்கப் போகும்போது, எட்டைக் காட்டி ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துக் கேட்பான் ஒருவன். உனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று அவனைக் கேளுங்கள். எனக்கில்லை, என்னிடம் வாங்கப் போகிறவனுக்கு இருக்குமே என்பான். அவன் சொன்ன விலைக்கு இசையாமல், வண்டியைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டி வாருங்கள்.